வீட்டாரின் நேரமும் இளவேனில் தோட்டமும்

தமிழ் ஆண்டின் ஆறு பருவங்களில் முதலாவது இளவேனில். சித்திரையும் வைகாசியும் அதற்கு உரிய மாதங்கள். ஆங்கில நாட்காட்டியில் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை. மரங்கள் இந்தக் கணக்கை அப்படியே பின்பற்றுவதில்லை. மாசி முடியும்போதே புங்கை இலை உதிர்த்துத் தளிர்விடுகிறது. பங்குனியில் வேம்பு பூக்கிறது. சித்திரையில் சரக்கொன்றை மஞ்சள் சரம் சரமாகத் தொங்குகிறது. மே 4 முதல் 28 வரை நீளும் கத்திரி வெயில் வரும்போது வேலூர், கரூர், மதுரை போன்ற ஊர்களில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். சமவெளியில் இளவேனிலின் இன்பமான பகுதி பங்குனித் தொடக்கத்திலிருந்து சித்திரை நடுவரைதான். அதன் பிறகு தோட்டக்காரரின் வேலை, இருப்பதைக் காப்பாற்றுவது.

வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு இந்தப் பருவம் வசதியான நேரத்தில் வருவதில்லை. மார்ச் 31-க்குள் கணக்கு முடிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஆண்டுத் தேர்வு, அது முடிந்ததும் பள்ளிச் சேர்க்கை, இடையில் ஊர்த் திருவிழா, வைகாசி முகூர்த்தங்கள். இத்தனைக்கும் நடுவில் ஆர்வத்தில் இருபது முப்பது தொட்டிகளை வாங்கி அடுக்கிய வீடுகளில், மே மாதக் கடைசியில் காய்ந்த குச்சிகளே மிஞ்சுகின்றன. நேரத்தை ஒதுக்கிவிட்டுச் செடியைத் தேர்ந்தெடுப்பதே சரியான வரிசை. நாற்றுப் பண்ணைக்குப் போவதற்கு முன், வீட்டில் யார் எந்த மணிக்கு இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது.

எத்தனை பைகள்?

வாரத்தில் மிகவும் நெருக்கடியான நாள் எதுவோ, அந்த நாளில் தோட்டத்துக்குக் கிடைக்கும் நேரமே அளவுகோல். ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும் இரண்டு மணி நேரத்தை வைத்துக் கணக்கிட்டால் செவ்வாய்க்கிழமை செடி வாடும். காலையில் பத்து நிமிடம்தான் முடியும் என்றால் பத்துப் பைகள் போதும். 12 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் கொண்ட ஒரு வளர்ப்புப் பைக்கு மே மாதத்தில் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை தண்ணீர் தேவைப்படும். பத்துப் பைகளுக்குப் பத்து முதல் பதினைந்து லிட்டர், அதாவது ஒரு வாளி. மாடிக்கு ஒரு வாளி சுமப்பது வேறு, மூன்று வாளி சுமப்பது வேறு. மாடியில் குழாய் இருக்கிறதா என்பதையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும்.

எடையும் கணக்கில் வர வேண்டும். நனைந்த நிலையில் இத்தகைய பை ஒன்று ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ இருக்கும். தளத்தின் நடுவில் கூட்டமாக வைக்காமல், கீழே சுவரோ உத்திரமோ வரும் ஓரங்களில் பரப்பி வைப்பது பாதுகாப்பு. வெறும் தளத்தில் வைத்தால் சூடு நேராக வேருக்குப் போகும், தளத்தில் ஈரமும் தங்கும். பைக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்தால் இரண்டு சிக்கலும் தீரும்.

மண் கலவையில் செம்மண், நன்றாக மக்கிய தொழுவுரம், தேங்காய் நார்க்கழிவு மூன்றையும் சம அளவில் எடுத்துக்கொள்வது எளிய முறை. நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்து வைக்கும், எடையையும் குறைக்கும். தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை, பை, நார்க்கழிவுக் கட்டி, விதை முதலியவை அடங்கிய மாடித்தோட்டத் தளைகளை மானிய விலையில் வழங்கி வந்திருக்கிறது. புதிதாகத் தொடங்குவோர் மாவட்டத் தோட்டக்கலை அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

பூக்கும் மணி பார்த்துத் தேர்ந்தெடுத்தல்

தோட்டக் கையேடுகள் வெயில், மண், நீர் ஆகிய மூன்றையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. வேலைக்குப் போகும் வீட்டுக்கு நான்காவதாக ஒன்று உண்டு: அந்தச் செடி எந்த மணிக்குப் பூக்கிறது என்பது.

டேபிள் ரோஸ் என்றும் பத்து மணிப்பூ என்றும் அழைக்கப்படும் செடியை எடுத்துக்கொள்ளலாம். கத்திரி வெயிலுக்குச் சளைக்காது. ஒரு கிள்ளு தண்டை ஊன்றினாலே வேர்பிடிக்கும். ஆனால் வெயில் ஏறிய பிறகே மலரும், பிற்பகலில் மூடிவிடும். எட்டு மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு போய் ஆறு மணிக்குத் திரும்புகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை தவிர அதன் பூவைப் பார்ப்பதே இல்லை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அல்லது வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர் இருந்தால், அவர்கள் உட்காரும் ஜன்னலுக்கு அது பொருத்தமான செடி. மாலையில் வீடு திரும்புகிறவர்களுக்கு அந்திமந்தாரை ஏற்றது. நான்கு மணிக்கு மேல் விரியும் பூ மறுநாள் காலைவரை நிற்கும். முல்லையும் மாலையில்தான் கட்டவிழும். இரவு நெடுநேரம் கழித்து வீடு திரும்புகிறவர்களுக்கு இரவுராணி பொருந்தும். பகலில் அதற்கு மணமே இராது. ஆனால் அதைப் படுக்கையறை ஜன்னலை ஒட்டி வைக்கக் கூடாது. சிலருக்கு அந்த வாசனை தலைவலி தரும்.

செம்பருத்தி, சங்குப்பூ, நித்தியகல்யாணி மூன்றும் விடிந்ததும் மலர்ந்திருக்கும். காலை அவசரத்தில் வாசல் கடக்கும்போது கண்ணில் படும் இடத்தில் இவற்றை வைக்க வேண்டும், மொட்டை மாடியில் அல்ல.

குண்டுமல்லி இந்தப் பருவத்தின் அரசி. பங்குனி முதல் ஆனி வரை அதன் விளைச்சல் உச்சத்தில் இருக்கும். மொட்டாக இருக்கும்போதே விடியற்காலையில் பறித்தால் மாலையில் தலையில் மலரும். ஆறு மணிக்கு எழுகிறவர் இல்லாத வீட்டில் மொட்டு செடியிலேயே விரிந்து உதிரும். கோடையில் நிறையப் பூக்க வேண்டுமானால் நவம்பர் கடைசி வாரத்தில் அரை மீட்டர் உயரத்துக்குக் கவாத்து செய்திருக்க வேண்டும். அதைத் தவறவிட்ட வீட்டார், மொட்டு வைத்த செடியையே பண்ணையில் பார்த்து வாங்கிக்கொண்டு கவாத்தைக் கார்த்திகைக்கு ஒத்திவைக்கலாம்.

இந்தக் கணக்கு காய்கறிக்கும் பொருந்தும், அங்கேதான் அதிகமாக உதவும். மாடியில் தேனீ நடமாட்டம் குறைவு. கொடிக்காய்களில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. மகரந்தம் சேராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். அப்போது கையால் சேர்த்துவிட வேண்டியிருக்கும். பெண் பூவின் அடியில் குட்டிக் காய் ஒன்று ஒட்டியிருக்கும், ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவினால் போதும். அரை நிமிட வேலைதான், ஆனால் பூ விரிந்திருக்கும் நேரத்தில் செய்ய வேண்டும். பூசணியும் பாகலும் காலையில் விரியும். பீர்க்கை, சுரை, புடலை ஆகியவை மாலையில் விரியும். காலை ஏழு மணிக்குச் சமையலும் டிபன் பாக்ஸும் பள்ளி வேனும் மோதிக்கொள்ளும் வீட்டில் பூசணிக்கொடி வைத்து ஏமாறுவதைவிடப் பீர்க்கை வைப்பது மேல். மாலை ஆறரைக்குக் காபி டம்ளரோடு மாடிக்குப் போகும்போது மஞ்சள் பூ விரியத் தொடங்கியிருக்கும். வெப்பம் கூடும்போது இந்தக் கொடிகளில் ஆண் பூக்களே அதிகம் வரும். அதைக் கண்டு உரத்தைக் கூட்டினால் இலைதான் பெருகும்.

வெயிலைத் தாங்கும் காய்கள்

வெண்டை, கொத்தவரை, காராமணி, கத்திரி ஆகிய நான்கும் சித்திரை வெயிலுக்கு அஞ்சாதவை. வெண்டையும் கொத்தவரையும் விதைத்து ஏறத்தாழ ஐம்பதாம் நாள் காய்ப்புக்கு வரும். கீரைகளில் முளைக்கீரையை இருபத்தைந்து நாளில் வேரோடு பறித்துவிடலாம். அரைக்கீரையைக் கிள்ளிக் கிள்ளிப் பல முறை எடுக்கலாம், நேரம் இல்லாதவர்களுக்கு அதுவே சிக்கனம். கொடிப்பசலையைப் பால்கனிக் கம்பியில் ஏற்றிவிட்டால் ஆண்டு முழுவதும் இலை தரும்.

தக்காளியைத்தான் எல்லோரும் முதலில் வாங்குகிறார்கள். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் அதன் மகரந்தம் வீரியம் இழந்து பூ உதிரும். பங்குனியில் நட்ட தக்காளி சித்திரையில் பூத்து உதிர்ந்துகொண்டே இருப்பதற்கு அதுதான் காரணம், வளர்ப்பவரின் கைராசி அல்ல. காரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், கொத்தமல்லி ஆகியவற்றையும் இந்த மாதங்களில் விட்டுவிடலாம். கொத்தமல்லி கட்டாயம் வேண்டும் என்பவர்கள் காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பால்கனியில் முயலலாம்.

வெயிலே படாத அடுக்ககப் பால்கனியில் காய் எதிர்பார்க்க வேண்டாம். காய்க்கும் செடிக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயில் தேவை. கீரை நான்கு மணி நேரத்தில் சமாளிக்கும். அதுவும் இல்லையென்றால் வெற்றிலை, ஓமவல்லி போன்றவற்றோடு நிறைவடையலாம். மேற்குப் பார்த்த மாடிக்கு நேர்மாறான சிக்கல். அங்கே பாதி வெளிச்சத்தை மறைக்கும் பச்சை நிழல்வலையைக் கத்திரி வெயில் முடியும்வரை கட்டி வைக்க வேண்டும்.

நீரும் மூடாக்கும்

காலை ஏழு மணிக்கு முன் அல்லது மாலை வெயில் தாழ்ந்த பின் நீர் ஊற்ற வேண்டும். நண்பகலில் இலை துவண்டிருப்பதைப் பார்த்துப் பதறி ஊற்றுவது தேவையற்றது. பல செடிகள் அந்த நேரத்தில் துவண்டு மாலையில் தாமே நிமிரும். மாலையிலும் நிமிராவிட்டால்தான் நீர் போதவில்லை என்று பொருள். சந்தேகம் வந்தால் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்ப்பது எந்தக் கருவியையும்விட நம்பகமானது.

உழைப்பை மிச்சப்படுத்துவது மூடாக்கு. உதிர்ந்த இலை, தேங்காய் மட்டைத் துண்டு, காய்ந்த புல் என எது கிடைத்தாலும் மண்ணின் மேல் இரண்டு அங்குலத்துக்குப் பரப்பிவிட்டால் ஈரம் ஆவியாவது பெருமளவு குறையும், களையும் முளைக்காது. பங்குனியில் தெருவில் உதிரும் புங்கை இலையைக் கூட்டித் தள்ளி எரிக்கும் வழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. அதே இலையை ஒரு சாக்கில் அள்ளி வந்தால் கோடை முழுதுக்கும் மூடாக்கு ஆயிற்று. அரிசி, பருப்பு கழுவிய நீரையும் செடிக்கு விடலாம். உப்புப் போட்ட நீரும் சோப்பு நீரும் ஆகாது.

கோடையில் மாவுப்பூச்சியும் செஞ்சிலந்தியும் வரும். ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில துளி திரவ சோப்பும் கலந்து, மாலையில், இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்க வேண்டும். வெயிலில் தெளித்தால் இலை கருகும். வாரம் ஒருமுறை, ஞாயிறு மாலை என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

யார் எதைச் செய்வது

பெரும்பாலான வீடுகளில் தோட்ட ஆசை ஒருவருக்கு, தோட்ட வேலை இன்னொருவருக்கு என்று ஆகிவிடுகிறது. அடுப்படியைப் பார்க்கிறவரே வாளியையும் தூக்கினால் தோட்டம் இன்னொரு வீட்டு வேலைதான், இளைப்பாறல் ஆகாது. ஆகவே தண்ணீர் ஊற்றுவது யார் பொறுப்பு என்பதைச் செடி வாங்கும் முன்பே பேசி முடிக்க வேண்டும். ‘முடிந்தவர் ஊற்றலாம்’ என்ற ஏற்பாடு ஒரு வாரத்துக்கு மேல் நிலைப்பதில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை ஒருவர், சனி ஞாயிறு இன்னொருவர் என்பது நிலைக்கும்.

பொதுத் தேர்வு எழுதும் பிள்ளைக்கு மார்ச்சில் எந்தப் பொறுப்பும் தர வேண்டியதில்லை. விடுமுறை தொடங்கியதும் அவர்களுக்கென்று ஒரு பை போதும். சிறு குழந்தைகளுக்குக் காராமணி ஏற்றது. விதை பெரிது, மூன்று நான்கு நாளில் முளைத்துவிடும், பொறுமை இழக்குமுன் பலன் தெரியும். கீரை ஆய்வதும் பூத்தொடுப்பதும் தாத்தா பாட்டிகளின் கைக்குப் போகும்போது தோட்டம் கூடத்துக்கே வந்துவிடுகிறது.

குழந்தைகளுக்குக் காட்ட வேண்டிய ஒன்று கறிவேப்பிலைச் செடியிலும் எலுமிச்சைச் செடியிலும் இருக்கிறது. தளிரின் மேல் வெளிர் மஞ்சளாகக் கடுகளவில் ஒற்றை முட்டை தென்படும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி இட்டது அது. சில நாளில் வெளிவரும் புழு, பழுப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சம் போலவே இருக்கும். பறவைகள் தின்னாமல் விடுவதற்கான வேடம். வளர்ந்ததும் பச்சை நிறத்துக்கு மாறி இலையோடு ஒன்றிவிடும். ஒரு குச்சியால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த இரட்டைக் கொம்பை நீட்டும், காரமான ஒரு வாடையும் வரும். பிறகு தண்டில் இடுப்பைச் சுற்றி ஒரு நூல் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். முட்டையிலிருந்து சிறகு விரியும்வரை மூன்று நான்கு வாரம். நன்றாக வளர்ந்த கறிவேப்பிலைச் செடி இரண்டு மூன்று புழுவுக்கு இலை கொடுத்து மீளும். ஓர் அடிக் கன்றாக இருந்தால் ஒரே புழு அதை மொட்டையாக்கிவிடும், அங்கே எடுத்து வேறு செடிக்கு மாற்றுவதே நியாயம்.

ஊருக்குப் போகும் நாட்கள்

சித்திரைத் திருவிழாவுக்கோ குலதெய்வக் கோயிலுக்கோ மூன்று நாள் ஊருக்குப் போக நேரும். போகும் முன்னிரவு எல்லாப் பைகளையும் நிழலான ஒரு மூலையில் நெருக்கமாகச் சேர்த்து, அடிவரை நனைய நீர் ஊற்றி, மூடாக்கைத் தடிமனாக்கிவிட்டால் மூன்று நாள் தாங்கும். தொட்டி சிறியதானால் பருத்தித் துணித் திரி ஒன்றின் ஒரு முனையை வாளி நீரிலும் மறு முனையை மண்ணிலும் புதைத்து வைக்கலாம். வாளி தொட்டியைவிடச் சற்று உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் என்றால் பக்கத்து வீட்டாரைத்தான் கேட்க வேண்டும். திரும்பி வரும்வரை காய்க்கும் காயை அவர்களே பறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டால் கேட்பதற்குக் கூச்சமும் இராது, வெண்டை முற்றியும் போகாது.

தொட்டிக்கு வெளியே

தோட்டம் வைக்க இடமே இல்லாதவர்களுக்கும் இளவேனில் தெருவில் கிடைக்கிறது. பிள்ளையைப் பள்ளி வேனுக்கு அழைத்துப் போகும் ஐந்து நிமிடத்தில் கேட்கக்கூடிய குரல்கள் இரண்டு. ஒன்று ஆண் குயில். ஏறிக்கொண்டே போகும் அந்தக் கூவல் அதனுடையது, பெண் குயில் ‘கிக் கிக்’ என்று மட்டும் கத்தும். காக்கை கூடு கட்டும் காலமும் இதுவே, குயில் முட்டையிடுவது அந்தக் கூட்டில்தான். மற்றொன்று செம்மார்புக் குக்குறுவான். செம்புக் குடம் தட்டுவது போன்ற ‘டொக், டொக்’ ஓசையை அலகைத் திறக்காமலே எழுப்பும். முருங்கையின் பட்டுப்போன கிளையில் அடிப்பக்கமாக வட்டமான ஓட்டை தெரிந்தால் அது பெரும்பாலும் அதன் கூடு. அந்தக் கிளையை ஆனி வரை வெட்டாமல் விடலாம்.

பால்கனிக் கொடிக்கயிற்றில் தேன்சிட்டு கூடு கட்டினால் ஏறத்தாழ ஒரு மாதம் துணி உலர்த்தும் இடத்தை மாற்ற வேண்டியிருக்கும். பறவைகளுக்கு ஆழமில்லாத மண்தட்டில் தண்ணீர் வைப்பது நல்ல வழக்கம், ஆனால் தினமும் கொட்டி மாற்றாவிட்டால் கொசு முட்டையிடும்.

வேப்பம்பூ சேகரிப்பது வீடே சேர்ந்து செய்யும் வேலை. அண்டை அயலில் ஒரு வேம்பின் அடியில் மாலையில் பழைய சேலையை விரித்து, விடிந்ததும் உதிர்ந்ததை அள்ளி, காம்பும் தூசியும் போகப் புடைத்து, நன்றாகக் காயவைத்துப் புட்டியில் அடைத்தால் ஆண்டு முழுவதும் ரசத்துக்கு ஆகும். புத்தாண்டுப் பச்சடிக்கு மட்டும் அன்றைய பூவே சிறப்பு.

சென்னையில் இருப்போருக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. பங்குனி ஆமை என்னும் சிற்றாமைகள் தை மாதம் முதல் கரையேறி முட்டையிடுகின்றன. வனத்துறையும் 1988 முதல் இயங்கிவரும் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவும் பொரிப்பகத்தில் வைத்துக் காக்கும் முட்டைகள் 45 முதல் 60 நாளில் பொரிக்கும். மார்ச், ஏப்ரல் மாலைகளில் குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பெசன்ட் நகர்க் கரையில் பார்க்கலாம். அலுவலகம் முடிந்து நேரே போய் எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிட முடியும். மே மாத உதகை மலர்க் கண்காட்சியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனத்தில் செல்ல இ-பாஸ் வேண்டும், அதற்குப் பிறகும் கூட்டம் கூட்டம்தான். கைக்குழந்தையோடு போவோர் கண்காட்சி நாட்களைத் தவிர்த்துவிட்டு வேறு வாரத்தில் போவது நலம்.

வைகாசி முடிவில்

பள்ளி திறக்கும் வாரத்தில் தோட்டத்துக்கு நேரம் கிடைக்காது. ஆகவே மே கடைசி ஞாயிறன்றே காய்ப்பு ஓய்ந்த செடிகளைப் பிடுங்கி, மண்ணைத் தார்ப்பாயில் கொட்டிச் சில நாள் வெயிலில் உலரவிட்டு, மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு தொழுவுரமோ மண்புழு உரமோ கலந்து பையில் திரும்ப நிரப்பி வைக்க வேண்டும். ஆடிப்பட்டத்துக்கு அது போதும். விதைக்காக ஒவ்வொரு வெண்டைச் செடியிலும் ஒரு காயைப் பறிக்காமல் விட்டு, அது செடியிலேயே காய்ந்து வெடிக்கத் தொடங்கும்போது எடுத்து, சாம்பல் கலந்து கண்ணாடிப் புட்டியில் பெயரும் மாதமும் எழுதி வைக்கலாம். இது நாட்டு ரகங்களுக்கு மட்டுமே பொருந்தும். வீரிய ஒட்டு ரகத்திலிருந்து எடுத்த விதை தாய்ச்செடியைப் போலக் காய்க்காது, அதற்கு ஒவ்வொரு பட்டத்துக்கும் புதிய விதையே வாங்க வேண்டும்.